பன்னிரண்டாவது கட்டம்

புக்கிட் செலம்பாவில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவர் என்னிடம் இரண்டு நிபந்தனை வைத்தார். மேடையில் தம் பெயரைச் சொல்லக் கூடாது. குடியைப் பற்றிப் பேசினால் குறளில் தொடங்கக் கூடாது. முதல் நிபந்தனை அவருடைய அடக்கம். இரண்டாவது எதற்கு என்று கேட்டேன். "கள்ளுண்ணாமை அதிகாரத்தைக் கேட்டுத் தலையாட்டிட்டு, கூட்டம் முடிஞ்சதும் நேராக் கடைக்குப் போன ஆளுங்களோட நான் வளர்ந்தவன்" என்றார். ஆகவே வள்ளுவரை 93ஆம் அதிகாரத்திலேயே இருக்க விட்டுவிட்டு, ஒரு நீதிமன்றக் காலையிலிருந்து தொடங்குகிறேன்.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். மாஜிஸ்திரேட் மலாயில் சொல்வதைத் தமிழில் சொல்வேன். கூண்டில் நிற்பவர் தமிழில் முணுமுணுப்பதை மலாயில் உரக்கச் சொல்வேன். புத்தி சொல்வது என் வேலையில்லை. முப்பது வருடம் அப்படியே நின்று பழகிவிட்டால் மனிதர்களுடைய முகத்தைவிட அவர்களுடைய கைகளை அதிகம் பார்க்கத் தொடங்கிவிடுவோம். நடுங்குகிற கை, மடித்த தொப்பியைப் பிசைகிற கை.

அன்று காலை இரண்டு பேர். முதலாமவர் சியாபு என்ற போதைப்பொருளை எடுத்தவர். சிறுநீர்ச் சோதனை, மருத்துவ அதிகாரியின் சான்று எல்லாம் கோப்பில் இருந்தன. 1983ஆம் ஆண்டுப் போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின்படி உத்தரவு வந்தது: மறுவாழ்வு மையத்தில் இரண்டு ஆண்டு, வெளியே வந்தபின் இன்னும் இரண்டு ஆண்டு மேற்பார்வை. இரண்டாமவர் நம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லோரிக்குக் குலை ஏற்றுகிறவர். முந்தின நாள் இரவு ஒரு கருமாதி வீட்டில் குடித்தார், அங்கேயே படுத்தார், விடிகாலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். வளைவில் வழுக்கிக் கால்வாயில் விழுந்தார். தூக்கிவிட வந்த ரோந்துப் போலீஸார் வாசனையைப் பிடித்து ஊதச் சொன்னார்கள். அபராதம் பத்தாயிரம் ரிங்கிட், ஒரு நாள் சிறை, இரண்டு ஆண்டு லைசன்ஸ் கிடையாது. நான் தமிழில் சொல்லி முடித்ததும் அவர் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "ஐயா, முன்னால போனவருக்கு ஏதோ சென்டர்னு சொன்னாங்களே. எனக்கு அது மாதிரி ஒண்ணும் இல்லையா?"

இதை மாஜிஸ்திரேட்டுக்கு மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றேன். பிறகு, "இல்லப்பா" என்றேன். அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 2020 மே மாதத் தொடக்கத்தில், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த நேரத்தில், சாலைத் தடுப்பில் கடமையில் நின்ற ஒரு போலீஸ்காரர் குடித்து ஓட்டியவர் வாகனம் மோதி இறந்தார். அதை ஒட்டி அடுத்தடுத்து வந்த செய்திகள் நாட்டையே கொதிக்க வைத்தன. ஆகஸ்ட்டில் மக்களவை 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தியது; அக்டோபர் 23இல் திருத்தம் நடப்புக்கு வந்தது. 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் வரை என்றிருந்த அளவு 22 ஆகக் குறைந்தது. இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்பது 50 ஆனது. அளவு மீறி ஓட்டினால் முன்பு 1,000 முதல் 6,000 ரிங்கிட் வரை இருந்த அபராதம் 10,000 முதல் 30,000 வரை என்றானது. சிறை இரண்டு ஆண்டு வரை. குடித்து ஓட்டி ஓர் உயிரைப் பறித்தால் 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 வரை அபராதம்.

இந்தக் கடுமையை நான் குறை சொல்ல மாட்டேன். இறந்தவர் வீட்டார் நீதிமன்றத்துக்கு வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர் யாரும் குறை சொல்ல மாட்டார். ஆனால் அந்தத் தண்டனைப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள்: பணம், சிறை, லைசன்ஸ். சிகிச்சை என்ற சொல்லோ வகுப்பு என்ற சொல்லோ அதில் இல்லை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அப்படியானால் குறைந்தபட்ச அபராதமே ஏறக்குறைய ஆறு மாதச் சம்பளம். குலை ஏற்றுகிறவர் அதை எப்படிக் கட்டுவார்? மனைவியின் தாலிச் சங்கிலியையோ கூட்டு மாதச் சீட்டையோ வைத்துத்தான். அதாவது, குடித்தவர் ஒருவர், கட்டுகிறவர் இன்னொருவர்.

போதைப்பொருளுக்கு இருக்கிற மறுவாழ்வு மையம் மதுவுக்கு ஏன் இல்லை என்றால் காரணம் எளிது. சியாபு சட்ட விரோதம். அதை எடுப்பதே அரசாங்கத்தின் விவகாரம். மது கடையில் வரி கட்டி விற்கிற சரக்கு. போத்தலைத் திறக்கிற வரை அது வணிகம், மோட்டார் சாவியைத் திருகும்போதுதான் குற்றம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மனிதனுக்கு எந்த இலாகாவும் பொறுப்பில்லை.

அதற்காக 1983 சட்டத்தை அப்படியே மதுவுக்கும் நீட்டச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தச் சட்டத்தின் கீழ் மேற்பார்வை நிபந்தனையை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறையும் மூன்று பிரம்படி வரையும் கிடைக்கலாம். பிரம்பைக் காட்டினால் ஆள் நாற்காலியில் உட்காருவார், வருகைப் பதிவேடு நிறையும். அவர் நோயிலிருந்து மீண்டாரா என்பதை அந்தப் பதிவேடு சொல்லாது. விழுந்து எழுவதே இந்த நோயின் இயல்பு. விழுவதையே குற்றமாக்கினால் விழுந்தவர் முதலில் செய்வது ஒளிந்துகொள்வதுதான்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? பிரிட்டனில் 1993இல் சோதனையாகத் தொடங்கி 2000த்தில் நாடு முழுவதும் கொண்டுவந்த ஒரு முறை உண்டு. குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவரிடம் நீதிமன்றம், "பதினாறு மணி நேர வகுப்புக்குப் போகிறாயா?" என்று கேட்கும். போகிறேன் என்று ஒப்புக்கொண்டு முடித்துக் காட்டினால் தடைக்காலத்தில் கால் பங்கு வரை குறையும். பன்னிரண்டு மாதத் தடை ஒன்பது மாதமாகும். ஆனால் குறைந்த காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே வகுப்பை முடித்திருக்க வேண்டும். அதாவது ஏழாவது மாதத்துக்குள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த இரண்டு மாத விதிதான். கடைசி வாரத்தில் ஓடிவந்து கையெழுத்து வாங்குகிற மனிதனை நன்றாகத் தெரிந்த யாரோ எழுதிய விதி அது.

கலிஃபோர்னியாவில் கேள்வியே இல்லை, போய்த்தான் ஆக வேண்டும். முதல் முறை பிடிபட்டவருக்குச் சாதாரணமாக மூன்று மாதத்தில் முப்பது மணி நேரம். மது அளவு மிக அதிகமென்றால் ஒன்பது மாதம். இரண்டாம் முறையென்றால் பதினெட்டு மாதம்: 52 மணி நேரம் குழு ஆலோசனை, 12 மணி நேரம் பாடம், முதல் ஓராண்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தனியே ஒருவரோடு பேச்சு. முடித்த சான்றிதழ் போகாமல் லைசன்ஸ் முழுமையாகத் திரும்பாது. பிரிட்டன் இனிப்பைக் காட்டுகிறது, கலிஃபோர்னியா பூட்டைக் காட்டுகிறது. ஹைதராபாத்தில் வேறு வழி: பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் போகுமுன் கோஷாமஹாலில் இருக்கிற போக்குவரத்துப் பயிற்சி நிலையத்துக்கு வந்து ஆலோசனை கேட்க வேண்டும், தனியாக அல்ல, மனைவியையோ அப்பா அம்மாவையோ கூட்டிக்கொண்டு. நம்ம ஆளுக்கு இந்த மூன்றில் எது அதிகம் உறைக்கும் என்று கேட்டால் நான் கடைசியைத்தான் சொல்வேன். அபராதத்துக்கு அஞ்சாதவர்கூட அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள் என்றால் தலையைக் குனிவார்.

திட்டம் எதுவாக இருந்தாலும் கடைசியில் ஓர் இடத்தில்தான் நிற்கும் அல்லது விழும். தொடங்கியவர் முடித்தாரா? அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவருடைய மன உறுதி என்று நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. புக்கிட் செலம்பாவில் நின்றுகொண்டு யோசித்துப் பாருங்கள். மனநல மருத்துவர் வேண்டுமானால் சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மோட்டாரில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் லைசன்ஸைத்தான் பறித்துவிட்டோமே! பஸ் வருகிற நேரமும் வேலை முடிகிற நேரமும் ஒத்துப்போகாது. அப்போது அவருக்கு இரண்டு வழி. ஒன்று, வகுப்புக்குப் போகாமல் இருப்பது. இன்னொன்று, லைசன்ஸ் இல்லாமல் மோட்டாரை ஓட்டிக்கொண்டு, குடித்து ஓட்டக் கூடாது என்ற வகுப்புக்குப் போவது.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்ட ஒருவர் இருந்தார். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று பின்னாளில் அறியப்பட்ட சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். அங்கே குடிக்கிறவருக்கு மட்டுமல்ல, உடன் வரும் மனைவிக்கும் தனியாகப் பயிற்சி உண்டு. பிறகு 1980களின் இறுதியில் அவர்கள் காவிரிப் படுகையில் மஞ்சக்குடி என்ற கிராமத்துக்குப் போனார்கள். ஊர்க்காரரைச் சென்னைக்கு வரச் சொல்லாமல் மருத்துவரும் ஆலோசகரும் ஊருக்கே போய்ப் பதினைந்து நாள் முகாம் போட்டார்கள். ஊர்க்காரர்களே ஆளைத் தேடிக் கூட்டிவந்தார்கள், முகாம் முடிந்த பிறகும் அவர்களே கண் வைத்துக்கொண்டார்கள். சொந்த ஊரில் முகாம் என்றால் நடுவில் எழுந்து போகிறவர் எந்தத் தெருவழியாகப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். தடுக்க ஆளில்லாவிட்டாலும் கேட்க ஆளுண்டு.

நம் வட்டாரத்துக்கு இது புதிய யோசனையல்ல. இங்கிருந்து அதிக தூரமில்லாத பீடோங்கில் பிறந்த ஒன்றைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் அது பாவம். தோட்டங்களில் கள்ளுக்கடை எப்படி வந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். சம்பள நாளன்று பணம் லயத்துக்கு வந்து சேருமுன் கள்ளுக்கடையைத் தாண்ட வேண்டும். அந்தக் கடையின் இலாபத்தில் தொழிலாளர் நல நிதி! குடிக்கிறவன் காசில் அவனுக்கே பந்து விளையாட்டுத் திடல். 1941இல் ஆர்.எச். நாதன் முதலானோர் வழிகாட்டிய கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. போர் முடிந்ததும் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. நேதாஜியின் படையில் இருந்து வந்த மிடுக்கு அதில் இருந்தது: அணிவகுப்பு, சீருடை, கட்டுப்பாடு. கள்ளுக்கடைகளை மறித்தார்கள், குடித்தவரைத் தண்டித்தார்கள். பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். சம்பளம் எங்கே போகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். 1947 தொடக்கத்தில் போலீஸாரோடு மோதல், உயிர்ச்சேதம், கைது, சிறை. இயக்கம் நசுங்கியது.

தொண்டர் படையை நான் மதிக்கிறேன். கங்காணியைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிய காலத்தில் நிமிர்ந்து நடந்தவர்கள். ஆனாலும் அவர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. கடையை எப்படி மூடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடை மூடிய மறுநாள் காலை கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனை என்ன செய்வது என்பதற்குத் தண்டனையைத் தவிர அவர்களிடம் பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. வெள்ளைக்காரத் துரையின் சட்டத்திலும் பதில் இல்லை. இன்றைய சட்டத்திலும் இல்லை. தோட்டக் கள்ளு போய்ச் சம்சு என்ற சாராயம் வந்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் மலிவுச் சம்சுவை எதிர்த்து எத்தனை ஆண்டுகள் எழுதியது! பால் மரம் செம்பனையாயிற்று, லயத்துக் குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு நகர்ந்தன. குடிப்பவர் மட்டும் கூடவே வந்துவிட்டார்.

இனி, நாங்கள் இங்கே செய்து பார்த்ததைச் சொல்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. கோயில் மண்டபத்தில் புதன்கிழமை மாலை ஒன்றரை மணி நேரம், பன்னிரண்டு வாரம். தோட்டத்து மருந்தகத்தில் டிரஸராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நான். யாரையும் நீதிமன்றம் அனுப்பவில்லை. அனுப்பச் சட்டமும் இல்லை. அந்தக் குலை ஏற்றுகிறவரை நான்தான் தேடிப்போய்க் கூப்பிட்டேன். அன்று கூண்டருகே "இல்லப்பா" என்று சொன்னது தொண்டையிலேயே நின்றிருந்தது.

முதல் நாள் டிரஸர் ஐயா உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்வித் தாளை எடுத்தார். ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண், மொத்தம் 40. எட்டைத் தொட்டால் கவனம், இருபதைத் தொட்டால் மருத்துவமனை. தமிழில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. முப்பது வருட மொழிபெயர்ப்பாளன் இரண்டாவது கேள்வியிலேயே விழுந்தேன். குடிக்கிற நாளில் எத்தனை 'டிரிங்க்' என்று கேட்கிறது தாள். ஒரு டிரிங்க் என்றால் பத்து கிராம் மதுசாரம். நம்ம ஆள் கேட்டார்: "சம்சு போத்தலை மூணு பேர் பங்கு போட்டோம். அதுல ஒருத்தன் பாதியில தூங்கிட்டான். அப்ப எனக்கு எத்தனை?" மண்டபமே சிரித்தது. டிரஸர் சிரிக்கவில்லை. வெறும் போத்தலையும் மூன்று கிளாஸையும் கொண்டுவரச் சொல்லி, தண்ணீர் ஊற்றி, தூங்கினவன் பங்கைக் கழித்து, ஒவ்வொரு கிளாஸாக அளந்து காட்டினார். நம்ம ஆள் தன் பங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்தாவது கேள்வி, குடியைக் குறைக்கச் சொல்லி வீட்டாரோ மருத்துவரோ சொன்னதுண்டா என்பது. "யாருதான் சொல்லல?" என்றார்.

மூன்றாவது வாரம் அவருடைய பழைய மனக்குறையைத் தீர்த்தோம். ராத்திரி குடித்ததற்குக் காலையில் எப்படிப் பிடிக்கலாம் என்பது அவர் கட்சி. கரும்பலகையில் டிரஸர் கணக்குப் போட்டார். நள்ளிரவில் இரத்தத்தில் 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொள். ஈரல் மணிக்குச் சுமார் 15ஐக் கழிக்கும். காப்பி குடித்தாலும் குளித்தாலும் அது அவசரப்படாது. காலை ஆறு மணிக்கு ஆறு முறை பதினைந்து, தொண்ணூறு போக மீதி அறுபது. சட்டம் ஐம்பது. அவர் வாயைத் திறந்து மணிகளை விரலில் எண்ணினார். நீதிமன்றத்தில் யாரும் அவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. பத்தாயிரம் ரிங்கிட் கட்டிய பிறகும் தம் தவறு என்னவென்று தெரியாமலே இருந்திருக்கிறார்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். காலையில் கை நடுங்குகிறவரை நாங்கள் வகுப்பில் சேர்ப்பதில்லை, முதலில் மருத்துவமனை. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிரும் போகலாம். கோயிலில் சத்தியம் வாங்கி வீட்டில் அடைத்துவைக்கிற தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளிக்கூட நோட்டில் ஆசிரியை கோடு போட்டு ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு கட்டம் வரைந்திருந்தார். வந்தவர் தாமே கையெழுத்திட வேண்டும். ஒன்பது பேர் தொடங்கினார்கள். ஐந்தாம் வாரத்துக்குள் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். வராமல் போனவர்களை விசாரித்தேன். ஒருவருக்கு இரவு ஷிப்ட் மாறிவிட்டது. ஒருவர் வேலை தேடிப் பினாங்குக்குப் போய்விட்டார். ஒருவர் மீண்டும் குடித்துவிட்டார், வர வெட்கம். இன்னொருவருக்கு மண்டபத்துக்கு வந்தால் அக்கம்பக்கத்தார் "குடிகாரன் கிளாஸ்" என்கிறார்களாம். மன உறுதி இல்லாததால் நின்றவர் என்று ஒருவரைக்கூட என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. பதினைந்து பேர் போட்டியிட்ட 2009 இடைத்தேர்தலைக் கண்ட ஊர் இது. வாக்காளரை வீடு வீடாகத் தேடிப்போய் வாகனத்தில் ஏற்றிவரத் தெரிந்த ஊர். ஒரு புதன்கிழமை மாலைக்கு அந்தச் சாமர்த்தியத்தில் கொஞ்சம் கடன் கொடுத்தால் போதும்.

நம்ம ஆள் பதினோரு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். கோணல் கையெழுத்து; வாரத்துக்கு வாரம் கொஞ்சம் நேராகிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாவது வாரம் அவர் வரவில்லை. ஆசிரியை வாசலைப் பார்த்தபடியே இருந்தார். கொண்டுவந்த வடை ஆறிப்போயிற்று. டிரஸர் ஒன்றும் பேசாமல் நோட்டை மூடினார்.

மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் மோப்பம் பிடித்தேன், ஒப்புக்கொள்கிறேன். வியர்வையும் செம்பனைப் பழ எண்ணெய் வாடையும்தான் அடித்தது. அவர் மனைவி உள்ளேயிருந்து, "நேத்து லோரி சேத்துல மாட்டிக்கிச்சு ஐயா, ஏழரைக்குத்தான் வந்தாரு. கொண்டாந்து விட ஆளில்ல" என்றார். சுவரில் ஆணியில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று தொங்கியது. புதன்கிழமைக்கென்று எடுத்து வைத்தது, போடாத சட்டை. மோட்டார் வேப்பமரத்தடியில் டயரில் காற்றிறங்கி நின்றது, சீட்டின் மேல் கோழி எச்சம்.

"முடிஞ்சு போச்சா ஐயா?" என்றார்.

"அடுத்த புதன் ஆறரைக்கு நான் வண்டியோட வர்றேன். சட்டையைக் கசக்காம வையி" என்றேன்.

நோட்டில் ஆசிரியை பன்னிரண்டாவது கட்டத்தின் தேதியை அடித்து, ஒரு வாரம் தள்ளி எழுதினார்.